மிதவை இல்லாத ஜீப்

கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் போய் ஹுன்னஸ்கிரியவில் இடப்புறம் திரும்பினால், பாதை லூல்வத்தை வழியாகக் கோர்பெட்ஸ் கேப் ஏறி, நக்கிள்ஸ் மலைகளுக்கு நடுவே கிடக்கும் மீமுரேயில் போய் இறங்கும். இந்த மாதிரிப் பாதையில் பழைய பெற்றோல் லேண்ட்ரோவர் ஓட்டியவர்களுக்கு ஒரு தொல்லை நன்றாகத் தெரியும். செங்குத்தான ஏற்றத்தில் ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறி வண்டி சாயும் நேரம் பார்த்து எஞ்சின் இருமும், திணறும், நின்றுவிடும். தாங்கியில் எண்ணெய் இருக்கும். பிளக்கில் தீப்பொறியும் வரும். ஆனாலும் நிற்கும்.

குற்றவாளி காபரேட்டருக்குள் இருக்கிறது. அங்கே சின்னக் கிண்ணம் ஒன்றில் எப்போதும் ஒரே மட்டத்தில் பெற்றோல் நிற்க வேண்டும். அந்த மட்டத்தைக் காப்பது ஒரு மிதவை. பெற்றோல் குறைந்தால் மிதவை தாழ்ந்து ஊசி வால்வைத் திறக்கும், நிறைந்தால் எழும்பி அடைக்கும். சமதரையில் இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது. வண்டி சாய்ந்ததும் கிண்ணத்துப் பெற்றோலும் ஒரு பக்கம் சாய்கிறது. எண்ணெய் உறிஞ்சும் துளை வறண்டு போகும், அல்லது மிதவை தவறாகப் புரிந்துகொண்டு வால்வைத் திறந்துவிட, எஞ்சின் பெற்றோலில் முழுகும். அமெரிக்காவில் பாறை ஏறும் ஜீப்காரர்கள் பலர் புரொப்பேனுக்கு மாறியதற்கு முதற்காரணம் இந்த மிதவைதான். காசு மிச்சம், சுற்றாடல் என்பதெல்லாம் அதற்கு அடுத்த கதை. புரொப்பேன் எஞ்சினுக்குள் போகும்போது வாயுவாகவே போகிறது. கிண்ணம் இல்லை, மட்டம் இல்லை, மிதவை இல்லை. வண்டி எந்தப் பக்கம் சரிந்தாலும் வாயுவுக்கு அது தெரியாது.

கண்டியில் ஒருவர் தம்முடைய பழைய ஜீப்பை இப்படி மாற்றலாமா? மாற்றலாம். ஆனால் அவர் வாங்கப்போவது புரொப்பேன் அல்ல. இந்தக் கட்டுரையில் முக்கியமான சங்கதி இதுதான், ஆகையால் அதிலேயே தொடங்குகிறேன்.

1910இல் அமெரிக்க வேதியியலாளர் வால்டர் ஸ்னெல்லிங், பெற்றோலிலிருந்து ஓயாமல் ஆவியாகித் தொலைவது எது என்று தேடப்போய்ப் புரொப்பேனைப் பிரித்தெடுத்தார். பெற்றோல் காருக்கு நட்டமாக இருந்த ஒன்று பின்னாளில் தனி எரிபொருளாகியது. அதன் கூடப்பிறப்பு பியூட்டேன். இரண்டையும் அழுத்திக் குளிர்த்தித் திரவமாக்கினால் அதுதான் எல்.பி. எரிவாயு, நம் வாயில் கேஸ். புரொப்பேன் மைனஸ் 42 பாகையில் கொதிக்கும். பியூட்டேனுக்கு ஏறத்தாழ பூச்சியம் பாகை போதும். அதாவது கனடாவின் பனிக்காலத்திலும் புரொப்பேன் தானே ஆவியாகி வெளியே வரும், பியூட்டேன் சிலிண்டருக்குள்ளேயே திரவமாகப் படுத்துக் கிடக்கும். அதனால் குளிர்நாடுகளில் புரொப்பேன் விற்கிறார்கள். வெயில் நாட்டில் அவ்வளவு வேகம் தேவையில்லை. பியூட்டேனே போதும், அழுத்தமும் குறைவு. இலங்கையில் வழக்கமான கலவை பியூட்டேன் 80, புரொப்பேன் 20 என்ற கணக்கு.

இந்தக் கணக்கு குழம்பினால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்தது. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வீடுகளில் கேஸ் அடுப்பும் ரெகுலேட்டரும் ஹோஸும் வெடித்த செய்திகள் நாள் தவறாமல் வந்தன. ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு, கலவையில் புரொப்பேனின் பங்கு கூடியதே பிரதான காரணம் என்றது. சில சிலிண்டர்களில் அது பாதிக்குப் பாதி வரை போயிருந்தது. சும்மா கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 பாகை வெப்பத்தில் 80:20 கலவை, வெளிக்காற்றைவிடச் சுமார் மூன்றரை வளிமண்டல அழுத்தம் அதிகமாகச் சிலிண்டரை உள்ளிருந்து தள்ளும். 50:50 என்றால் அது ஆறை நெருங்கும். சிலிண்டர் தாங்கும். அது அதற்கும் மேலே தாங்கும்படி செய்ததுதான். பழைய ரெகுலேட்டரும் தேய்ந்த வாஷரும் வெடிப்பு விழுந்த ஹோஸும்தான் தாங்காது.

ஜீப்புக்கும் இதில் பாடம் உண்டு. ஒரு கன அளவு புரொப்பேன் முழுதாக எரிய 24 கன அளவு காற்று வேண்டும். பியூட்டேனுக்கு 31. வாயுவை அளவு பார்த்துக் கலக்கும் எளிய மிக்ஸருக்கு வருவது எந்த வாயு என்று தெரியாது. 50:50 கேஸுக்கு ட்யூன் செய்த வண்டியில் அடுத்த வாரம் 80:20 ஊற்றினால், கலவை ஏழெட்டுச் சதவீதம் செறிவாகி, சைலன்சரில் கார்பன் மோனொக்சைட் கூடும், எஞ்சின் மந்தமாகும். வண்டிக்காரர் கராஜ் பாஸைத் திட்டுவார். பாஸ் மேல் பிழையே இருக்காது.

ஒக்டேன் கதையும் இப்படித்தான். புரொப்பேனின் ஒக்டேன் 110ஐத் தாண்டும் என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் பெருமையாக எழுதும், அதை நம்பி எஞ்சினின் அமுக்க விகிதத்தைக் கூட்டச் சொல்லும். சாதாரண பியூட்டேனின் ஒக்டேன் 94க்குப் பக்கம். நம் பம்பில் கிடைக்கும் 92 பெற்றோலுக்கு அது பெரிய அண்ணன் ஒன்றுமல்ல. 80:20 கேஸை நம்பி சிலிண்டர் ஹெட்டை அரைத்துத் தாழ்த்தினால் மேட்டில் எஞ்சின் தட்டத் தொடங்கும்.

இனிப் பாகங்களுக்கு வருவோம். மாற்றம் என்றால் எஞ்சினை மாற்றுவது அல்ல. பிஸ்டன், கிராங்க், பிளக் எல்லாம் அப்படியே இருக்கும். தாங்கிக்கும் எஞ்சினுக்கும் இடையே புதிதாக ஒரு வழி போடுகிறோம், அவ்வளவுதான்.

வழி தொடங்குவது தடித்த இரும்புத் தாங்கியில். பெற்றோல் தாங்கியின் தகரத்தோடு இதை ஒப்பிட முடியாது. பின்னால் லொறி இடித்தால் இரண்டில் எதன் பக்கத்தில் நிற்கலாம் என்று கேட்டால் நான் கேஸ் தாங்கியைத்தான் சொல்வேன். இதன் வாயில் ஒரே கூட்டுக்குள் பல வால்வுகள். ஒன்று, தாங்கி 80 சதவீதம் நிறைந்ததும் தானே அடைத்துக்கொள்ளும். திரவக் கேஸ் வெயிலில் நீரைவிடப் பல மடங்கு விரியும், அதற்கு மேலே வெற்று இடம் விட்டே ஆக வேண்டும். இன்னொன்று, அழுத்தம் எல்லை மீறினால் கொஞ்சம் வெளியேற்றும். மூன்றாவது, குழாய் உடைந்து கேஸ் பீறிட்டால் அந்த வேகத்தைக் கொண்டே வழியை மூடிவிடும். சமையல் சிலிண்டரில் இந்தக் கூட்டு இல்லை. அடுப்புக்கு அது தேவையுமில்லை.

தாங்கியின் அடியிலிருந்து திரவமே எடுக்கப்படுகிறது, வாயு அல்ல. இது பலருக்கு ஆச்சரியம் தரும். வாயுவாகத்தானே எரிக்கப்போகிறோம், மேலேயே எடுத்தால் என்ன? கல்யாண வீட்டில் பெரிய அடுப்புக்குப் பூட்டிய சிலிண்டரைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மணித்தியாலம் எரிந்ததும் அதன் கீழ்ப்பாதி வியர்த்துக் குளிர்ந்து, சில சமயம் வெண்பனி கூடப் பூக்கும். பிறகு அடுப்பு சோர்ந்து போகும். திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும், சிலிண்டர் அந்த வெப்பத்தைத் தன் உடலிலிருந்தே கொடுத்துக் களைத்துவிடுகிறது. ஜீப் எஞ்சின் கேஸைக் குடிக்கும் வேகத்துக்கு அடுப்பு எம்மாத்திரம். மேலிருந்து வாயுவை எடுத்தால் கடுகண்ணாவ ஏற்றத்தில் பாதி வழியிலேயே தாங்கி உறைந்து நிற்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. வாயுவாக எடுத்தால் முதலில் புரொப்பேன்தான் அதிகம் ஆவியாகிப் போகும், அடியில் மிஞ்சுவது பியூட்டேன். சிலிண்டர் தீரத் தீரக் கலவை மாறும். திரவமாக எடுத்தால் முதல் சொட்டும் கடைசிச் சொட்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

அந்தத் திரவம் செப்புக் குழாய் வழியாக முன்னால் வந்து, ஒரு மின் வால்வைத் தாண்டி, ஆவியாக்கிக்குள் நுழைகிறது. மின் வால்வு சாவியோடு கட்டப்பட்டது. எஞ்சின் நின்றால் அதுவும் அடைத்துக்கொள்ளும். ஆவியாக்கிதான் முழு ஏற்பாட்டின் இருதயம். ரேடியேட்டருக்குப் போகும் சுடுநீரின் ஒரு கிளை இதற்குள் சுற்றிவருகிறது. கல்யாண சிலிண்டருக்குக் கிடைக்காத வெப்பம் இங்கே எஞ்சினிடமிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. திரவம் வாயுவாகும், அதன் அழுத்தம் இரண்டு கட்டமாக இறங்கி வெளிக்காற்றின் அளவுக்கே வந்துவிடும். அதன் பிறகு தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, எஞ்சின் உறிஞ்சினால்தான் கேஸ் வரும். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்த வண்டியில் இந்த ஆவியாக்கி பனிக்கட்டியாக உறைந்து பாதையிலேயே நிறுத்திவிடும். கேஸ் வண்டி நின்றுவிட்டது என்று வரும் பிழைகளில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்தான் என்பேன்.

கடைசியில் மிக்ஸர். காற்று போகும் வாயில் பொருத்திய ஒடுங்கிய வளையம் அது. காற்று அங்கே வேகம் பிடித்து, போகிற போக்கில் கேஸையும் இழுத்துக்கொண்டு போகும். பழைய காபரேட்டரைக் கழற்றாமல் அதன் தலையிலேயே மாட்டிவிடலாம், பெற்றோலும் கேஸும் சுவிட்ச் ஒன்றில் மாறி மாறி ஓடும். பலரும் செய்வது இதைத்தான். வாயு கொஞ்சம் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் எஞ்சினின் பலம் சற்றுக் குறையும். சமதரையில் தெரியாது. ரம்பொடையில் ஏறும்போது தெரியும். நுவரெலியா சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றே ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடுவதால் எந்த வண்டியும் சோர்ந்துதான் போகும். தை மாதப் பனி விழும் விடியலில் தாங்கிக்குள் பியூட்டேன் தூங்கும். கலவையில் உள்ள கொஞ்சம் புரொப்பேன்தான் அப்போது தள்ளிக் கொடுக்க வேண்டும். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து தண்ணீர் சூடேறியபின் கேஸுக்கு மாறினால் வம்பில்லை. கண்டி 500 மீற்றர்தான், அங்கே இந்தக் கவலை கிடையாது.

சரிவுக்கு அஞ்சாது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு ஒரு திருத்தமும் போட வேண்டும். வாயுவுக்குச் சரிவு தெரியாது, தாங்கிக்குத் தெரியும். அடியில் கொஞ்சம் கேஸ் மிச்சமிருக்கும்போது வண்டி சாய்ந்தால், உறிஞ்சு குழாயின் வாய் திரவத்தை விட்டு வெளியே வந்துவிடும். ஆகவே கால்பங்குக்குக் கீழே தாங்கியை விட்டு மலை ஏறாமல் இருப்பது நல்லது. தாங்கியை எங்கே வைப்பது என்பதும் காட்டுப்பாதைக்காரருக்குத் தனிக் கேள்வி. காரில் ஸ்பெயார் சக்கரம் இருக்கும் குழியில் வட்டத் தாங்கியை வைத்து மறைத்துவிடுவார்கள். ஜீப்பில் அடியில் தொங்கவிட்டால் கல் தட்டும். பின்பக்கம் பெட்டிக்குள், சட்டத்தோடு நன்றாகப் போல்ட் போட்டு இறுக்குவதே சரி, இருக்கை ஒன்று போனாலும் பரவாயில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மிதவைத் தொல்லை காபரேட்டர் வண்டிகளுக்கு மட்டும்தான். பெற்றோலைப் பீய்ச்சும் புது எஞ்சின்களுக்கு அந்த நோயே கிடையாது, ஆகையால் இந்த மருந்தும் தேவையில்லை.

லொறி வைத்திருப்பவர்கள் இதுவரை வாசித்து ஆசைப்பட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். அமெரிக்காவில் புரொப்பேன் லொறி சாதாரணம், காரணம் அங்கே நடுத்தர லொறிகள் பல பெற்றோல் எஞ்சின். சிக்காகோ நகரப் பஸ்கள் 1950 முதல் புரொப்பேனில் ஓடின. கண்டிச் சந்தைக்கு மரக்கறி இறக்கும் லொறி டீசல். டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. கேஸ் அப்படிச் சுலபமாகப் பற்றாது. டீசலைக் கொஞ்சம் பீய்ச்சித் தீ மூட்டி அதோடு கேஸைச் சேர்த்து எரிக்கும் இரட்டை முறை இருக்கிறது. அல்லது ஹெட்டைத் துளைத்துப் பிளக் வைத்து, பிஸ்டனைச் செதுக்கி, டீசல் எஞ்சினைப் பெற்றோல் எஞ்சின் மாதிரி ஆக்க வேண்டும். இரண்டும் கராஜ் வேலை அல்ல, பொறியியல் வேலை. தோட்டத்துத் துரைமார் ஓட்டிய லேண்ட்ரோவர்களில் எத்தனையோ இன்று ஜப்பான் டீசல் எஞ்சினைப் பூட்டிக்கொண்டு ஓடுகின்றன. அவையும் இந்தக் கணக்கில் வராது.

இலங்கையில் கேஸ் வண்டிக்கு முப்பது வருட வரலாறு இருக்கிறது. இன்று லாஃப்ஸ் என்று எல்லாருக்கும் தெரிந்த குழுமம், 1995இல் கேஸ் ஓட்டோ லங்கா என்ற பெயரில் பெற்றோல் வண்டிகளைக் கேஸுக்கு மாற்றும் நிறுவனமாகத்தான் தொடங்கியது. சமையல் கேஸ் வியாபாரம் பிறகு வந்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு இது அனுமதிக்கப்பட்டது, சென்னை ஓட்டோக்கள் பல இதில்தான் ஓடுகின்றன. ஹொங்கொங் டாக்சிகள் டீசலை விட்டுக் கேஸுக்கு மாறியது புகைக்காக. மலைகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள் கிடக்கும் கண்டி நகரத்துக்கும் அது பொருந்தும். பாடசாலை விடும் நேரம் வாவிக்கரையில் நின்றவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. கேஸ் புகை விடாது, கரி படியாது, எஞ்சின் ஒயிலும் நீண்ட நாள் சுத்தமாக இருக்கும்.

அப்படியானால் ஏன் எல்லாரும் மாறவில்லை? நிரப்பும் நிலையங்கள் குறைவு, விலை நிலையில்லை. 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றில் உள்ள சக்தி சுமார் 18 லீற்றர் பெற்றோலுக்குச் சமம். 2022 ஏப்ரலில் அந்தச் சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியது. ஜூன் கடைசியில் 92 பெற்றோல் லீற்றர் 470, அப்படிப் பார்த்தால் 18 லீற்றருக்கு 8,460. சிலிண்டரின் விலை அப்படி ஏறியிருந்தபோதும் கேஸ்தான் மலிவு. அது கிடைத்தால். கேஸ் வரிசையில் வெறும் சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுப் பெற்றோல் வரிசைக்கு ஓடிய காலம் அது. இந்த விலை இடைவெளிதான் சமையல் சிலிண்டரை முச்சக்கர வண்டிக்குப் பின்னால் கட்டி ஓட்டும் ஆசையையும் கிளப்புகிறது. இலங்கையிலும் இந்தியாவிலும் கண்ட காட்சிதான். அடுப்புக்குச் செய்த சிலிண்டர் திருப்பத்தில் உருளும், மேடு பள்ளத்தில் வால்வு ஆடும், ஒரு சிலிண்டரைக் கவிழ்த்து இன்னொன்றுக்கு ஊற்றும்போது 80 சதவீதத்தில் அடைக்க யாருமில்லை. மலிவு என்று சொல்லி யார் இதைச் செய்தாலும், அவருக்குப் பின்னால் மூன்று பிள்ளைகள் பாடசாலைச் சீருடையில் உட்கார்ந்திருப்பார்கள்.

கேஸ் கசிந்தால் மேலே போகாது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. தரையில் ஊர்ந்து பள்ளம் தேடும். கராஜில் வண்டிக்கு அடியில் வேலை செய்ய வெட்டிய குழி அதற்கு மிகவும் பிடித்த இடம். காற்றில் இரண்டு சதவீதம் கலந்தாலே பற்றும். கேஸுக்கு இயல்பில் மணமில்லை. நமக்கு மூக்கைப் பிடிக்கவைக்கும் அந்த அழுகல் நாற்றம் வேண்டுமென்றே சேர்த்தது. பழைய வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று வால்வு இருக்கைகள். இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்திய எஞ்சின்களில் அந்த ஈயமே வால்வுக்கும் இருக்கைக்கும் இடையே மெத்தையாக இருந்தது. கேஸிலும் அந்த மெத்தை கிடையாது. கடினமான இருக்கை போடாத பழைய ஹெட்டில் வால்வு மெல்ல மெல்ல உள்ளே புதைந்துகொண்டே போகும், அதற்கேற்ப டெப்பட் இடைவெளியை அடிக்கடி பார்க்க வேண்டும். பிளக் வயரும் காயிலும் பழசாக இருந்தால் பெற்றோல் பொறுத்துக்கொள்ளும், கேஸ் பொறுக்காது. மிக்ஸருக்குள் பின்தீ அடித்து ஏர் ஃபில்டரைப் பிய்த்துவிடும்.

வண்டியின் பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் என்ற இடத்தில் பெற்றோல் என்றிருக்கும். மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் மாற்ற வேண்டும், காப்புறுதிக்காரரிடமும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் விபத்தன்று அவர்கள் சொல்லுவார்கள்.

இனி மீமுரே ஜீப்பின் கணக்கு. 60 லீற்றர் தாங்கியில் நிரப்பக்கூடியது 48. பெற்றோலில் லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் ஓடும் லேண்ட்ரோவர் கேஸில் ஐந்து ஓடும். நல்ல பாதையில் 240 கிலோமீற்றர். நக்கிள்ஸில் நான்கு சக்கரமும் இழுத்துக்கொண்டு தாழ்ந்த கியரில் ஏறினால் அதில் பாதியை எதிர்பார்க்கலாம், அதிலும் கால்பங்கை அடியில் மிச்சம் வைக்க வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் கேஸ் நிரப்ப வழியில்லை. ஆகவே காபரேட்டரையும் பெற்றோல் தாங்கியையும் கழற்றி எறிய வேண்டாம். சமமான தார் வீதியில் பெற்றோலில் போய், கல்லும் சரிவும் தொடங்கும் இடத்தில் கேஸுக்கு சுவிட்ச் போடுவதுதான் புத்தி. பெற்றோலை மூடியபின் கிண்ணத்தில் மிச்சமிருப்பது எரிந்து தீரும்வரை ஒரு நிமிடம் பொறுத்து, அதன்பின் கேஸைத் திறக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து உள்ளே போனால் எஞ்சின் முழுகி, நாம் தப்பியோட நினைத்த அதே திணறல் திரும்பவும் வரும்.